காரின் காவலன் விழித்திருக்கிறானா?

பூட்டு என்று பிறந்ததோ அன்றே கள்ளத்திறப்பும் பிறந்தது. வீட்டுக்கு ஒரு பூட்டு, பணப்பெட்டிக்கு ஒரு பூட்டு என்றிருந்த காலம் போய், இன்று பல குடும்பங்களின் பெருஞ்செல்வம் வாசலிலோ, இடமில்லாவிடில் வேலிக்கு வெளியே தெருவோரத்திலோ, நான்கு சக்கரங்களின்மீது நிற்கிறது. சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள நமது கரையோரத்தில் அது பெரும்பாலும் ஆடம்பரப் பொருளன்று. விடியுமுன் மீன் ஏற்றிச் செல்லும் வானும், பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுசெல்லும் வானும், சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் காரும் அடுப்பெரிவதற்கான வழியாகவே இருக்கின்றன. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனத்தின் விலையும் எட்டாத உயரத்துக்குச் சென்றதை அறியாதார் இல்லை. கடன் தீருமுன் களவு போன ஒரு வாகனம் ஒரு குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்திவிடும்.

"எங்கள் காரில் அலாரம் இருக்கிறது; சிவப்பு விளக்கு இரவு முழுவதும் மினுங்குகிறது" என்று சொல்லி நிம்மதியாக உறங்குவோர் பலர். அந்த மினுங்கலை நம்பி உறங்கலாமா என்பதே இவ்வாரம் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

குரைக்கும் நாயும் கடிக்கும் நாயும்

தொழிற்சாலையிலேயே காருக்குப் பொருத்தப்படும் காவல் இருவகைப்படும். ஒன்று அலாரம் எனப்படும் காவல் மணி. கதவையோ, முன்மூடியாகிய பொனற்றையோ எவரேனும் முறைகேடாகத் திறந்தால் அது ஊளையிடும். விளக்குகளை மினுங்கச் செய்யும். மற்றையது இம்மொபிலைசர் எனப்படும் இயந்திரத் தடுப்பு. அது சத்தமிடாது. உரிய திறப்பு அருகில் இல்லாவிடில் இயந்திரத்தை இயங்க விடாது. முன்னது குரைக்கும் நாய்; பின்னது குரையாமற் கடிக்கும் நாய்.

இவ்விரண்டும் வேறு வேறு என்பதைப் பலர் உணர்வதில்லை. ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் நம் நாட்டுக்கு வரும் கார்களுட் பலவற்றில் இயந்திரத் தடுப்பு உண்டு, காவல் மணி இல்லை. ஆயினும் அவற்றிலும் சிவப்பு விளக்கு மினுங்கும்! விளக்கு மினுங்குவதனால் "இயந்திரம் பூட்டப்பட்டிருக்கிறது" என்று மட்டுமே பொருள் கொள்ளக்கூடிய கார்கள் உண்டு. அவற்றின் கதவைத் திறந்து உள்ளிருக்கும் பையை எடுத்துச் செல்பவனைக் கண்டு அந்தக் கார் ஒரு முனகலும் முனகாது. கூடவரும் கைந்நூலோ ஜப்பானிய மொழியில் இருப்பதால், வாங்கியவர் எது இருக்கிறது, எது இல்லை என்பதை அறியாமலே ஆண்டுகளைக் கழித்துவிடுகிறார்.

திறப்புக்குள் ஓர் இரகசியம்

காருக்குள் இக்காவல் ஒரே நாளில் வந்ததன்று. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டின் விதிகள், திறப்பை எடுத்ததும் சுக்கானோ கியரோ பூட்டிக்கொள்ளும் ஏற்பாட்டைப் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கின. 1982இல் பிரான்சின் ரெனோல்ட் நிறுவனம், தூரத்திலிருந்தே கதவைப் பூட்டித் திறக்கும் கருவியைத் தனது பியுவேகோ காரில் அறிமுகஞ் செய்தது. 1986இல் அமெரிக்கக் கோர்வெற் காரின் திறப்பில் மின்தடை ஒன்று பதிக்கப்பட்டது. 15 வகைத் தடைகளுள் உரியது எதுவோ அதுவே இருந்தாலன்றி இயந்திரம் இயங்காது. திறப்பின் பல்லை மட்டும் நகலெடுத்த கள்வன் ஏமாந்தான்.

பின்னர் வந்தது இன்னும் நுட்பமானது. திறப்பின் தலைக்குள் அரிசிமணியளவான சில்லு ஒன்று இருக்கிறது. அதற்குப் பற்றரி தேவையில்லை. திறப்புத் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் எழுப்பும் காந்தப்புலத்திலிருந்தே அது சக்தி பெறுகிறது. கார் தொடுக்கும் வினாவுக்கு விடையளிக்கிறது. விடை சரியானால் இயந்திரம் இயங்கும். ரிமோட்டின் பற்றரி செத்த பின்னரும் கார் இயங்குவதன் காரணம் இதுவே. ஐரோப்பிய ஒன்றியம் 1998ஆம் ஆண்டிலும், அவுஸ்திரேலியா 2001ஆம் ஆண்டிலும், கனடா 2007ஆம் ஆண்டிலும் புதிய கார்களுக்கு இதனைக் கட்டாயமாக்கின. இவ்விதி நெதர்லாந்தில் கார்த் திருட்டைக் கணிசமாகக் குறைத்தது என்பதைப் பொருளியலாளர் ஆராய்ந்து நிறுவியுள்ளனர்.

உப்புக் காற்றின் வேலை

காவல் மணிக்குக் கண்ணில்லை. ஒவ்வொரு கதவின் ஓரத்திலும், பொனற்றின் கொளுவியிலும் உள்ள சிறு ஆளிகளே அதன் விரல்கள். கதவு திறந்தால் ஆளி தன் நிலையை மாற்றும். அச்செய்தி கம்பிவழியே கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்லும். அது ஹோர்னையோ தனிச் சைரனையோ முழங்கச் செய்யும். விரல் மரத்துப்போனால் மூளை விழித்திருந்தும் பயனில்லை.

இங்கேதான் நமது கரையோரத்தார் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. புத்தளத்து உப்பளங்களில் உப்பு விளையக் காரணமான அதே காற்றும் கடலும் வாகனத்திலும் தம் வேலையைச் செய்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கற்பிட்டித் தீபகற்பத்தில் நிற்கும் காரின் கண்ணாடியை விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தால் உண்மை கரிக்கும். உப்பு ஈரத்தை இழுக்கிறது, ஈர உப்பு மின்னைக் கடத்துகிறது, செம்பு முனைகளிற் பச்சை பூக்கிறது, இரும்பு உக்குகிறது. பொனற்றின் ஆளி காற்றுக்கும் நீருக்கும் முகங்கொடுத்து நிற்பதால் அது விரைவிற் பழுதாகும்.

பழுது இருவகையாய் வெளிப்படும். ஆளி "மூடியிருக்கிறது" என்ற நிலையில் இறுகிவிட்டால் பொனற்றைத் திறந்து பற்றரியையே கழற்றினாலும் மணி முன்கூட்டி அறியாது. மாறாக, தொடுகை விட்டுவிட்டு வருமாயின், நள்ளிரவிற் காற்றடித்தாலே கார் அலறும். முன்னது ஊமை, பின்னது பொய்யன். இரண்டாலும் கேடே.

சோதிக்கும் முறை

மணியைச் சோதிக்கப் பொறியியலாளர் வேண்டியதில்லை, இருவர் போதும். பகல் வேளையைத் தெரிந்துகொள்க. அயலவருக்கு முன்னரே சொல்லிவிடுக. பள்ளிவாசல், கோயில், தேவாலயம் ஆகியவற்றின் வழிபாட்டு நேரத்தையும் வைத்தியசாலை அயலையும் தவிர்த்துக்கொள்க. ஒருவர் உள்ளே அமர, மற்றவர் திறப்புடன் பத்தடி தள்ளி வெளியே நிற்கட்டும். சில கார்களிற் பூட்டியபின் உள்ளிருந்து கதவைத் திறக்க இயலாதாதலால் ஒரு யன்னல் திறந்தே இருக்கட்டும். சிறு பிள்ளைகளை உள்ளே இருத்த வேண்டாம்.

முதலாவதாக, மணியைத் தொடாமலே ஒரு சோதனை. கூரை விளக்கைக் கதவோடு எரியும் நிலையில் வைத்து, ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்க்க வேண்டும். எந்தக் கதவுக்கு விளக்கு எரியவில்லையோ, முன்பலகையில் கதவுக் குறியும் தோன்றவில்லையோ, அந்தக் கதவின் ஆளி பழுதென்று ஐயுறலாம்.

இரண்டாவதாக, ரிமோட்டாற் பூட்டி ஒரு நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். பல கார்களில் மணி உடனே ஆயத்தமாவதில்லை. அரை நிமிடமளவு கழித்தே சிவப்பு விளக்கு நிலையாக எரிவதை விட்டு மினுங்கத் தொடங்கும். அவசரப்பட்டுச் சோதித்துவிட்டு "மணி இல்லை" என்று முடிவுகட்டுவது இதனாலேயே.

மூன்றாவதாக, உள்ளிருப்பவர் சாரதிக் கதவை உட்கைபிடியாற் திறக்கட்டும். மணி முழங்கினால், வெளியே நிற்பவர் ரிமோட்டின் திறக்கும் பொத்தானை அழுத்தி அதனை அடக்கட்டும். இவ்வாறே ஒவ்வொரு கதவுக்கும் மீண்டும் பூட்டி, மீண்டும் பொறுத்துச் சோதிக்க வேண்டும். ஒரு கதவு தேறியதால் எல்லாக் கதவும் தேறியதாகா. ஒவ்வொன்றுக்கும் ஆளி வேறு.

நான்காவதாக, உள்ளிருந்தபடியே பொனற்றின் நெம்பை இழுத்துப் பார்க்க வேண்டும். நம் பகுதியில் அதிகம் தோற்பது இச்சோதனையிலேயே என்று எதிர்பார்த்துச் செய்க. தோற்றால் கராஜில் ஆளியைத் துப்புரவு செய்தோ மாற்றியோ கொள்ளலாம். அது சிறிய வேலை, பெரிய செலவன்று.

ஐந்தாவதாக, எல்லோரும் வெளியேறிப் பூட்டியபின், திறந்த யன்னல் வழியாகக் கையை விட்டு ஆசனத்திலுள்ள ஒரு பொருளை எடுத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான சாதாரண கார்கள் மௌனமாகவே இருக்கும். இது பழுதன்று. உள்ளசைவை உணரும் கேளா ஒலிக் கருவி உயர்ந்த விலைக் கார்கள் சிலவற்றிலேயே உண்டு. கண்ணாடியை உடைத்துக் கதவைத் திறக்காமற் பொருளை எடுப்பவனை உங்கள் கார் காட்டிக்கொடுக்காது என்பதே இதிலிருந்து பெறும் பாடம். தலவிலைத் திருவிழாவுக்கோ கற்பிட்டிக் கடற்கரைக்கோ செல்வோர், கைப்பையை ஆசனத்தில் விட்டுச் செல்லலாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மாணவருக்கு ஒரு பரிசோதனையையும் சேர்த்துக் கூறுவோம். துவாரத்தில் இட்டுத் திருகும் திறப்பாயின், பெரியவர் ஒருவர் முன்னிலையில், அதன் தலையைச் சமையலறை அலுமினியத்தாளால் நன்கு சுற்றி இயந்திரத்தை இயக்கிப் பாருங்கள். தாள் காந்தப்புலத்தை மறைப்பதால், தடுப்புள்ள காரின் இயந்திரம் இயங்காது, அன்றேல் இயங்கியவுடன் நின்றுவிடும். ஒருமுறை செய்தாற் போதும். பலமுறை பிழைத்தாற் சிறிது நேரம் எதற்கும் இணங்காத கார்களும் உண்டு.

காவலனுக்கும் பசி உண்டு

நிறுத்தி வைத்த காரிலும் காவல் ஏற்பாடுகள் சிறிது மின்னை உண்டுகொண்டே இருக்கும். எல்லாம் சேர்ந்து 50 மில்லியம்பியர் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 24 மணி நேரத்தில் 1.2 அம்பியர்-மணி. பற்றரியின் கொள்ளளவு 45 அம்பியர்-மணியாயின், ஏறக்குறைய 19 நாளிற் பாதி தீர்ந்துவிடும். வளைகுடா நாட்டிலே தொழில் பார்ப்பவர் விடுமுறைக்கு வந்து மீண்டபின், மாதக்கணக்கில் நிற்கும் காரின் மணி எந்நிலையில் இருக்கும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். வாரம் ஒருமுறையேனும் அதனைச் சற்றுத் தூரம் ஓட்டி வருவது நன்று.

புதிய கள்வன்

திறப்பைக் கையில் எடுக்காமலே திறந்து இயங்கும் கார்களை உடையோர்க்கு ஓர் எச்சரிக்கை. 2011இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர்த் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர், 8 நிறுவனங்களின் 10 வகைக் கார்களைச் சோதித்தனர். வீட்டுக்குள் இருக்கும் திறப்பின் சைகையை நீட்டி வாங்கி வாசலில் நிற்கும் காருக்குக் கொடுக்க, பத்தும் ஏமாந்தன. உரிய திறப்பே வந்தது என்று கார் நம்புவதால் மணியும் முழங்காது, தடுப்பும் தடுக்காது. இத்தகைய திறப்பை வாசலருகே ஆணியில் தொங்கவிடாது, மூடி இறுகிய தகரப் பேணியில் வைத்தல் நலம். பேணியைக் காருக்கு அருகே கொண்டுசென்று, கதவு திறக்கவில்லை என்பதை உறுதி செய்துகொள்க. சுக்கானில் மாட்டும் பழைய இரும்புப் பூட்டும் இன்னும் பயனற்றுப் போய்விடவில்லை.

மணியின் பெறுமதி கேட்கும் காதில்

"புலி! புலி!" என்று பொய்யாகக் கூவிய சிறுவனின் கதை நாம் அறிந்ததே. காரணமின்றி இரவிரவாக அலறும் கார், அயலாரின் உறக்கத்தை மட்டுமன்று, தன் உடையவரின் பாதுகாப்பையும் கெடுக்கிறது. நான்கு முறை எழுந்து பார்த்து ஏமாந்தவர் ஐந்தாம் முறை தலையணையை இழுத்துக் காதை மூடிக்கொள்வார். அந்த ஐந்தாம் முறையிலே கள்வன் வந்திருக்கக்கூடும். ஆகவே பொய்க்குரல் கொடுக்கும் மணியை அணைத்துவைப்பது தீர்வாகாது. பழுதைத் திருத்துவதே அயலார்க்குச் செய்யும் மரியாதை.

மணி கள்வனைப் பிடிப்பதில்லை. மனிதரை அழைக்கிறது, அவ்வளவே. அது முழங்குவதோ அரை நிமிடம் அல்லது ஒரு நிமிடம். அதற்குள் ஒரு யன்னல் திறக்க வேண்டும், ஒரு விளக்கு எரிய வேண்டும், "யாரது?" என்று ஒரு குரல் எழ வேண்டும். தனியே கள்வனை எதிர்த்து ஓடாது, 119 என்ற இலக்கத்திற் பொலிசாரை அழைக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும். பதிவிலக்கம், அடிச்சட்ட இலக்கம், இயந்திர இலக்கம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டுக்குள் வைத்திருப்பதும் அவசியம். பதிவுப் பத்திரத்தைக் காருக்குள்ளேயே வைத்திருப்பவர், களவு போனபின் எதைக் காட்டி முறையிடுவார்?

இந்த ஞாயிறு மாலை அரைமணி நேரத்தை ஒதுக்கி, பிள்ளைகளையும் துணைக்கு அழைத்து, உங்கள் வாகனத்தின் காவலனைச் சோதித்துப் பாருங்கள். அயலவரிடம் முன்கூட்டிச் சொல்லச் செல்லும்போது, அவர் வாகனத்தையும் சோதித்துக் கொடுக்க முன்வாருங்கள். ஒருவர் மணியின் ஓசையை மற்றவர் அறிந்து வைத்திருக்கும் தெருவிற் கள்வனுக்கு வேலை எளிதாயிராது.