இலக்கமில்லாத் துப்பாக்கி

ஐக்கிய அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம் 2025 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வழங்கிய தீர்ப்பொன்று ஊன்றி நோக்கத்தக்கது. பாகம் பாகமாக விற்கப்பட்டு வீட்டிலேயே பொருத்தப்படும் 'பேய்த் துப்பாக்கி'களுக்கும் தொடரிலக்கம் வேண்டுமென 2022 இல் வகுக்கப்பட்ட விதியை, ஒன்பது நீதிபதிகளுள் எழுவர் செல்லுமென ஏற்றனர்.

இலக்கமற்ற ஆயுதம் இந்நூற்றாண்டின் விந்தை என்று எண்ணுவோர், அந்நாட்டின் பழைய '22' ரக அரைத் தானியங்கித் துப்பாக்கி ஒன்றை எடுத்துப் பார்ப்பாராக. விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் சிறு தோட்டாவைக் கொண்டது அது. குழாயிலே 'ஜே. சி. ஹிக்கின்ஸ்' என்று பொறித்திருக்கும். அப்பெயரில் ஆயுதத் தொழிற்சாலை எதுவும் இருந்ததில்லை. சியேர்ஸ் என்னும் பெருவணிக நிறுவனம் தன் சரக்குக்கு இட்ட பெயர் அது. செய்து கொடுத்தவர்கள் வேறு. மாதிரி இலக்கம் 103 என்று தொடங்கினால் மார்லின் தொழிற்சாலை. 583 என்று தொடங்கினால் ஹை ஸ்ராண்டர்ட். பெல்ஜிய நாட்டுத் துப்பாக்கியாயின் லியேஜ் நகரச் சோதனைச்சாலையின் முத்திரை காட்டிக்கொடுக்கும். இவ்வாறு அதன் பிறந்தகத்தை அறியலாம். அது எவரெவர் கைகளில் இருந்தது என்பதை எங்ஙனம் அறிவது? பல துப்பாக்கிகளில் தொடரிலக்கமே இல்லை.

இது தற்செயலன்று. 1958 இன் மத்திய ஒழுங்குவிதிகள் துப்பாக்கிகளுக்கு இலக்கம் பொறிக்கக் கட்டளையிட்டபோதும், '22' ரக நெடுந்துப்பாக்கிகளுக்கு விலக்களித்தன. முயலும் அணிலும் சுடும் மலிவுக் கருவிக்கு இலக்கம் எதற்கு என்பதே அன்றைய மனப்பான்மை.

இலக்கத்தின் பயனை 1963 இல் உலகம் கண்டது. ஜனாதிபதி கெனடி கொலையுண்ட மறுநாளே, சி 2766 என்ற இலக்கத்தைக் கொண்டு, அத்துப்பாக்கி சிக்காகோவிலிருந்து தபாலில் விற்கப்பட்டதைக் கண்டுபிடித்தனர். 1968 இல் அவர் தம்பி றொபேட் கெனடியின் உயிரைக் குடித்தது '22' ரகச் சிறு தோட்டாவே. சிறியது தீங்கற்றது என்ற வாதம் அத்துடன் சரிந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் நிறைவேறிய சட்டம், தொழிற்சாலைகள் செய்யும் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் இலக்கத்தைக் கட்டாயமாக்கியது. முன்னர் செய்யப்பட்டவற்றை அது தொடவில்லை.

பழைய துப்பாக்கி சிக்கனத்தால் இலக்கமிழந்தது. பேய்த் துப்பாக்கியோ சட்டத்துக்குத் தப்பும் நோக்கத்தால் இழந்தது. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. எனினும் இலக்கம் மட்டும் போதுமென்றும் நான் கருதவில்லை. 1986 இன் சட்டமொன்று துப்பாக்கிகளுக்கான மத்திய பதிவேட்டைத் தடுத்துள்ளது. ஆகவே மார்ட்டின்ஸ்பேர்க்கிலுள்ள அரசாங்க நிலையத்தார் தொழிற்சாலை, வியாபாரி, முதற் கொள்வனவாளர் என்று படிப்படியாகத் தேட வேண்டியுள்ளது. அதற்கப்பால் கைமாறியிருந்தால் பெரும்பாலும் தடம் அற்றுப்போகிறது.

மகனைப் பறிகொடுத்த தாய் கேட்பது, இது எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது என்பதன்று. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதே. உலோகத்தில் வெட்டிய இலக்கம் அவ்வினாவின் முதல் எழுத்து மாத்திரமே. விடையை எழுதவேண்டியது பதிவேடு. அதை வைத்திருக்கும் துணிவு அந்நாட்டுக்கு உண்டா என்பதே இனி எழும் கேள்வி.