மருத்துவமனைப் பணியாளர்களுக்கு ஃபுளூ தடுப்பூசி: கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர்,
அரசு மருத்துவமனைச் செவிலியர் மற்றும் பணியாளர் சங்கம் (மாவட்டக் கிளை).

பெறுநர்:
அரசுச் செயலாளர்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை–600 009.

பொருள்: வடகிழக்குப் பருவமழைக்கு முன் மருத்துவமனைப் பணியாளர் அனைவருக்கும் ஃபுளூ தடுப்பூசி செலுத்தக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

மழை தொடங்கியதும் காய்ச்சல் வார்டுகள் நிரம்பிவிடுகின்றன. நெபுலைசர் வைக்கும் செவிலியரும், சளிக் கோப்பையை அகற்றும் தூய்மைப் பணியாளரும் நோயாளியின் இருமலுக்கு ஒரு முழத் தொலைவில் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தொற்றினால், அவர்கள் கவனிக்கும் கர்ப்பிணிக்கும் டயாலிசிஸ் நோயாளிக்கும் அது பரவும். இதனாலேயே உலக சுகாதார நிறுவனம் மருத்துவப் பணியாளர்களை இத்தடுப்பூசிக்கான முன்னுரிமைப் பிரிவில் வைத்துள்ளது.

இருந்தும் எங்கள் உறுப்பினர்களில் பலர் தயங்குகிறார்கள். "ஊசி போட்டாலே ஃபுளூ வரும்", "போன வருஷமே போட்டாச்சே" என்கிறார்கள். செயலிழந்த வைரஸிலிருந்து தயாராகும் ஊசியால் ஃபுளூ வராது. கைவலியோ ஓரிரு நாள் லேசான காய்ச்சலோ வரலாம். வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டியுள்ளது. இவற்றை நாங்களே எடுத்துச் சொல்லிவிடுவோம். ஆனால், "மறுநாள் காய்ச்சலடித்தால் என் நைட் டூட்டியை யார் பார்ப்பார்கள்?" என்ற கேள்விக்கு அரசுதான் பதில் தர வேண்டும். ஒப்பந்தப் பணியாளருக்கோ ஒரு நாள் விடுப்பு என்பது ஒரு நாள் கூலி இழப்பு.

எனவே எங்கள் கோரிக்கைகள்:

1. ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ 2 வாரம் ஆகும். ஆகவே செப்டம்பர் இறுதிக்குள் செலுத்தி முடிக்க வேண்டும்.
2. தூய்மைப் பணியாளர், ஆய்வகப் பணியாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், பயிற்சி மாணவியர் உட்பட அனைவருக்கும் இலவசமாக வழங்க வேண்டும்.
3. 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் காக்கும் பெட்டியுடன் வார்டுக்கே வந்து, மூன்று ஷிஃப்டிலும் ஊசி போட வேண்டும்.
4. ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்தால் ஊதியத்துடன் ஒரு நாள் விடுப்பும், மாற்றுப் பணியாளரும் தர வேண்டும். ஒப்பந்தப் பணியாளருக்கும் இது பொருந்த வேண்டும்.
5. ஐயம் தீர்க்க வார்டுதோறும் ஒரு செவிலியருக்குப் பயிற்சி தர வேண்டும். மிரட்டலோ சம்பளப் பிடித்தமோ கூடாது.

இவற்றை ஏற்று ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஆணை வந்ததும் ஊசி போட்டுக்கொள்ளும் வரிசையில் எங்கள் சங்க நிர்வாகிகள் முதலில் நிற்பார்கள் என உறுதியளிக்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்