பழைய லேப்டாப்பில் புது ஓஎஸ் ஏற மறுக்கிறதா? குற்றவாளி லேப்டாப் மட்டுமல்ல!

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு மணி நேரம் பேரம் பேசி, பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு பழைய லேப்டாப் வாங்குகிறார் ஒரு கல்லூரி மாணவி என்று வைத்துக்கொள்வோம். கடையில் ஆன் செய்து காட்டியபோது எல்லாம் பக்கா. வீட்டுக்கு வந்து, 'எதுக்கும் ஃப்ரெஷ்ஷா ஒரு ஓஎஸ் போட்டுடலாம்' என்று பென் டிரைவைச் செருகுகிறார். சோதனை அங்கேதான் தொடங்குகிறது. முதலில் 'நோ பூட்டபிள் டிவைஸ்'. அதைச் சமாளித்தால் ஹார்டு டிஸ்க்கையே காணோம். அதையும் தாண்டினால், 'இந்தக் கணினியில் விண்டோஸ் 11 இயங்காது' என்று ஒரே வரியில் கதவைச் சாத்துகிறது திரை.

கடைக்காரரைக் கேட்டால், "நல்லாத்தானே குடுத்தேன்" என்பார். தெரிந்த அண்ணனைக் கேட்டால், "பழசுன்னா அப்படித்தான், தூக்கிப் போடு" என்பார். இரண்டுமே முழு உண்மை இல்லை. இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவை அரை மணி நேரத்தில் தீரக்கூடியவை. தீராதவற்றில் சில, யாரோ சில நிறுவனங்கள் எடுத்த முடிவுகளால் வந்தவை. எது எந்த வகை என்று தெரியாததால்தான் நல்ல மெஷின்கள் காயலான் கடைக்குப் போகின்றன.

2017 என்ற கோடு

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறச் சொல்கிறார்கள். அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம் வேண்டும். இதெல்லாம் நியாயம்தான். அடுத்த நிபந்தனைதான் இடிக்கிறது. பொதுவாக இன்டெல் என்றால் 8-ம் தலைமுறை பிராசஸர், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை. அதற்கு முந்தையவை பட்டியலில் இல்லை. இன்டெல் 8-ம் தலைமுறை வந்தது 2017-ல்.

செகண்ட்ஹேண்ட் சந்தையைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கோடு எங்கே விழுகிறது என்று புரியும். ஐடி நிறுவனங்கள் கழித்துக்கட்டி, கடைகளுக்கு வந்து சேரும் மாடல்களில் லெனோவோ திங்க்பேட் டி470, டெல் லேட்டிட்யூட் 7480 போன்றவற்றுக்கு நல்ல பெயர். உறுதியான பாடி, நல்ல கீபோர்டு. இவற்றில் டிபிஎம் 2.0 இருக்கிறது, செக்யூர் பூட் இருக்கிறது, எஸ்எஸ்டி போடலாம். ஆனால், உள்ளே இருப்பது 6 அல்லது 7-ம் தலைமுறை சிப். விண்டோஸ் 10-லிருந்து மேலே போக அப்டேட்டைத் தட்டினால், 'தகுதி இல்லை' என்று வந்துவிடும்.

பாதுகாப்புக்காகவும் நிலைத்தன்மைக்காகவும்தான் இந்தக் கட்டுப்பாடு என்கிறது மைக்ரோசாஃப்ட். பட்டியலில் இல்லாத கணினிகளில் கெர்னல் அளவிலான கிராஷ்கள் 52 சதவீதம் அதிகம் என்று 2021 ஆகஸ்டில் ஒரு கணக்கையும் சொன்னது. வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அதே அறிவிப்பில் 7-ம் தலைமுறை லேப்டாப் சிப்களில் ஒன்றுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. கோர் ஐ7-7820எச்க்யூ. அது எதில் இருந்தது தெரியுமா? மைக்ரோசாஃப்ட்டே விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2-ல். தன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் சிபாரிசு என்றால் ஊர் என்ன நினைக்கும்?

கோடு கிழிக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறது. ஆனால், 2017-ல் புதிதாக விற்ற கணினியை 2025-ல் 'பாதுகாப்பற்றது' ஆக்கிவிட்டு, தீர்வாகப் புது லேப்டாப் வாங்கச் சொல்வதைத் தொழில்நுட்பக் காரணம் என்று மட்டும் ஏற்க முடியாது. சுமார் 24 கோடி கணினிகள் இந்த முடிவால் குப்பைக்குப் போகலாம் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023-லேயே மதிப்பிட்டிருந்தது.

குரல் கொடுத்தால் வேலை நடக்கிறது என்பதற்கும் இதே விவகாரத்தில் உதாரணம் உண்டு. விண்டோஸ் 10 வைத்திருப்போருக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதற்கு 30 டாலர் கட்ட வேண்டும். அல்லது செட்டிங்ஸைத் தன் கிளவுடில் பேக்கப் எடுக்கச் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் ரிவார்டு பாயின்ட்கள் தர வேண்டும். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்பு ஒன்று கேள்வி கேட்டதும், அந்தப் பகுதி மக்களுக்கு மட்டும் பேக்கப் நிபந்தனை தளர்ந்து இலவசமாகிவிட்டது. இந்தியாவில் அப்படி யாரும் பலமாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்ஸ்டால் ஆகாததற்கு ஐந்து நிமிடக் காரணங்கள்

சரி, அரசியலை விட்டு மெஷினுக்கு வருவோம். பென் டிரைவைப் போட்டும் பழைய விண்டோஸே திறந்தால், பூட் மெனுவைக் கூப்பிட வேண்டும். ஆன் செய்ததும் டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பி என்றால் எஃப்9.

அங்கே பென் டிரைவின் பெயரே இல்லை என்றால், அதைத் தயாரித்த விதத்தில் தவறு இருக்கலாம். ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே காப்பி செய்து போட்டால் பூட் ஆகாது. ரூஃபஸ் போன்ற ஒரு டூல் வழியாக எழுத வேண்டும். பலரும் அடிபடும் இடம் இது. ஐஎஸ்ஓவைப் பிரித்து, உள்ளே இருப்பவற்றை எஃப்ஏடி32 ஃபார்மட்டில் உள்ள பென் டிரைவில் போட முயல்வார்கள். அந்த ஃபார்மட்டில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக வைக்க முடியாது. விண்டோஸ் 11-ன் முக்கிய ஃபைல் பெரும்பாலும் அதைவிடப் பெரியது.

அடுத்த பிரபலமான தலைவலி, 'இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது, இது ஜிபிடி வகை' அல்லது 'எம்பிஆர் வகை' என்ற மெசேஜ். டிஸ்க் கெட்டுப்போகவில்லை. ஹார்டு டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்துவைக்க எம்பிஆர் என்ற பழைய பதிவேடும், ஜிபிடி என்ற புதிய பதிவேடும் உண்டு. கணினி லெகஸி முறையில் பூட் ஆனால் முதலாவதையும், யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆனால் இரண்டாவதையும் விண்டோஸ் எதிர்பார்க்கும். மாறி அமைந்தால் சண்டை. பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், 'யுஇஎஃப்ஐ' என்று முன்னால் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுத்து, இன்ஸ்டால் பக்கத்தில் பழைய பார்ட்டிஷன்கள் அத்தனையையும் நீக்கிவிட்டு, காலி இடத்தைத் தேர்வு செய்தால் போதும். மிச்சத்தை விண்டோஸே பார்த்துக்கொள்ளும். ஒரே எச்சரிக்கை: டிஸ்க்கில் உள்ள எல்லாமே போய்விடும். முந்தைய ஓனரின் போட்டோக்கள் போனால் நல்லதுதான், சொந்த ஃபைல்கள் இருந்தால் முதலில் காப்பி.

டிஸ்க்கே தெரியவில்லை என்றால், பயாஸுக்குள் சாட்டா செட்டிங் 'ரெய்டு' அல்லது 'ஆர்எஸ்டி' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை 'ஏஹெச்சிஐ' என மாற்றினால் பெரும்பாலும் தெரியத் தொடங்கும். லினக்ஸ் போடுபவர்கள் அதிகம் மாட்டுவது இதில்தான். ஏற்கெனவே இருக்கும் விண்டோஸைக் காப்பாற்ற நினைப்பவர்கள் யோசிக்காமல் இதை மாற்றக் கூடாது. அது பூட் ஆகாமல் போகலாம்.

தேதி 2012 என்றோ 2015 என்றோ காட்டினால், மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டது என்று அர்த்தம். பல மாடல்களில் அது வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும் சிஆர்2032 காயின் பேட்டரி. தேதி தப்பாக இருந்தால் இணையதளங்களின் சான்றிதழ்கள் செல்லாது, அப்டேட்கள் தோல்வியடையும். சில நாட்களாக வைஃபையைத் திட்டிக்கொண்டிருந்தவர், கடைசியில் காலண்டரைச் சரிசெய்து நிம்மதியான கதைகள் உண்டு.

வைஃபையே வேலை செய்யாவிட்டால், ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டுக்கொள்ளலாம். டிரைவர் இறங்கும் வரை அதுதான் கைகொடுக்கும்.

பாதியில் நின்றால்? ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் ஐஎஸ்ஓ அல்லது பென் டிரைவ் மீது சந்தேகப்படலாம். புதிதாக டவுன்லோடு செய்து, வேறு பென் டிரைவில் எழுத வேண்டும். ஒருமுறை 30 சதவீதம், மறுமுறை 70 என்று இஷ்டத்துக்கு நின்றால் ரேம் அல்லது டிஸ்க் மீது கண் வைக்கலாம். மெம்டெஸ்ட்86+ என்ற இலவச டூலை ஓர் இரவு ஓடவிட்டால் ரேமின் யோக்கியதை தெரிந்துவிடும்.

தீர்க்க முடியாத பூட்டு

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒன்று இருக்கிறது. இன்ஸ்டால் வெற்றிகரமாக முடிகிறது. வைஃபையை இணைத்ததும், முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் பெயரோடு, 'அலுவலக இமெயிலை உள்ளிடவும்' என்கிறது திரை. அந்த லேப்டாப் ஆட்டோபைலட் என்ற முறையில் அந்த நிறுவனத்தின் கணக்கில் இன்னும் பதிவாகியிருக்கிறது. டிஸ்க்கை அழித்தாலும், புதிய எஸ்எஸ்டி போட்டாலும் போகாது. காரணம், அடையாளம் பதிவாகியிருப்பது அந்த மெஷினின் ஹார்டுவேர் மீது. முறையாக நீக்க வேண்டியது அந்த நிறுவனத்தின் ஐடி பிரிவுதான். கடைசியாகப் பத்தாயிரம் கொடுத்து வாங்கியவரின் கடிதத்துக்கு அவர்கள் பதில் போடுவார்களா என்பது வேறு விஷயம்.

பயாஸ் பாஸ்வேர்டு, திருடுபோனால் கண்டுபிடிப்பதற்கான கம்ப்யூட்ரேஸ் பூட்டு எல்லாம் இதே ரகம். லேப்டாப்பை ஏலத்தில் விடும் நிறுவனம் இரண்டு நிமிடம் செலவழித்துப் பதிவை நீக்கியிருந்தால் யாருக்கும் சிக்கல் இல்லை. டிஸ்க்கை அழிப்பதில் காட்டும் அக்கறையை இதிலும் காட்ட வேண்டும் என்று சொல்வது பெரிய கோரிக்கை அல்ல. இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் புதிய மின்னணுக் கழிவு விதிகள் மறுசுழற்சியையும் புதுப்பித்தலையும் பேசுகின்றன. பூட்டிய மெஷினை யார் புதுப்பிப்பது?

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்க வழி உண்டு. வாங்கப் போகும்போதே லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு எழுதிய பென் டிரைவ் ஒன்றை பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம். இன்ஸ்டால் செய்யாமலே அதிலிருந்து பூட் செய்து வைஃபை, சவுண்டு, கேமரா, கீபோர்டு, டிஸ்க் எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் சோதிக்கலாம். அப்படியே பயாஸுக்குள் போக முடிகிறதா, பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பார்க்கலாம். பிறகு விண்டோஸை ரீசெட் செய்து, இணையத்தோடு இணைத்து, முதல் திரையில் எந்த நிறுவனத்தின் பெயரும் வரவில்லை என்பதைக் காட்டச் சொல்ல வேண்டும். 'டைம் இல்லை தம்பி' என்றால் அடுத்த கடைக்குப் போவதே உத்தமம்.

சரி, என்ன ஓஎஸ் போடுவது?

ரூஃபஸ் வழியாகத் தகுதிச் சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்றலாம். பலர் செய்கிறார்கள், ஓடவும் செய்கிறது. ஆனால், அப்டேட்களுக்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 24எச்2 பதிப்பு வந்தபோது கோர் 2 டூயோ காலத்துச் சிப்கள் பூட்கூட ஆகாமல் போனதும் நடந்தது. டெல்லியோ மதுரையோ, சில நூறு ரூபாய்க்குக் 'கிராக்' விண்டோஸ் போட்டுத் தருபவர்கள் எங்கும் இருக்கிறார்கள். முதல் வேலையாக அவர்கள் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொன்னால், அது எதற்காக என்று யோசிக்க வேண்டும். அந்த மெஷினில்தான் நெட் பேங்கிங்கும் நடக்கப் போகிறது.

இணையம், டைப்பிங், வீடியோ, கோடிங் என்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் தாராளம். 2 ஜிபி ரேமில் ஓடும், 4 இருந்தால் வசதி. எஸ்எஸ்டி ஒன்று போட்டுவிட்டால் அதே பழைய லேப்டாப்பா என்று ஆச்சரியமாக இருக்கும். தமிழ்99 கீபோர்டும் உண்டு. 'லினக்ஸ் எல்லாம் நமக்கு எதுக்கு' என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. கற்றுக்கொடுக்க ஆள் இல்லாததால் பலர் அதைத் திறக்கவே இல்லை. பக்கத்து கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் படிக்கிறார்கள்.

அதற்காக எல்லோரையும் லினக்ஸுக்குத் தள்ளுவதும் சரியில்லை. டாலி கற்க வேண்டிய பி.காம். மாணவிக்கும், ஃபோட்டோஷாப்பில் பிழைப்பு நடத்துபவருக்கும், விண்டோஸில் மட்டுமே திறக்கும் ஆன்லைன் தேர்வு எழுதப் போகிறவருக்கும் அந்த அறிவுரை உதவாது. அவர்கள் கூடுதலாக நான்கைந்தாயிரம் சேர்த்து 8-ம் தலைமுறை சிப் உள்ள மெஷினாகத் தேடுவதே புத்திசாலித்தனம். அதிலும் சில சமயம் 'டிபிஎம் இல்லை' என்று வரும். பதறாமல் பயாஸில் இன்டெல் என்றால் 'பிடிடி', ஏஎம்டி என்றால் 'எஃப்டிபிஎம்' ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, ஆன் செய்தால் போதும்.

விற்பனையாளர் ஸ்டிக்கரில் 'ஐ5, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி' என்று மட்டும் எழுதியிருப்பார். எத்தனையாவது தலைமுறை ஐ5 என்பதை எழுத மாட்டார். அதை வாய்விட்டுக் கேட்டு, பில்லிலும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.