வை-ஃபைக்கு என்ன பூட்டு?

சகோதரிகளே, அடுப்பை அணைத்தோமா, கொல்லைக் கதவைச் சாத்தினோமா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் நாம் படுக்கப் போகிறோம். ஆனால் கூடத்தில் இரவெல்லாம் மினுக்கிக்கொண்டிருக்கிற வை-ஃபை பெட்டிக்கு என்ன பூட்டுப் போட்டிருக்கிறது என்று பார்க்கிறோமா?

“பாஸ்வேர்டுதான் இருக்கே அக்கா, போதாதா?” என்றாள் எங்கள் தெருவில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி. என்ன பாஸ்வேர்டு என்று கேட்டேன். அவள் வீட்டுக்காரருடைய போன் நம்பராம்! கமலாலயத்தின் நாலு கரையிலும் தெரிந்த நம்பர் அது!

யாரோ நம் நெட்டைக் கொஞ்சம் உபயோகித்தால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? 2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிஷங்கள் முன்பு ஒரு மிரட்டல் ஈ-மெயில் வந்தது. போலீசார் தடம் பிடித்துப் போய் நின்ற இடம், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீடு. அவருடைய வை-ஃபை பூட்டில்லாமல் கிடந்திருக்கிறது. வேறு யாரோ அதில் நுழைந்து அனுப்பிவிட்டார்கள். குற்றமற்றவர்தான். ஆனாலும் விசாரணை என்று வந்தால் சும்மாவா?

சரி, எந்தப் பூட்டு நல்லது? பெட்டியின் செட்டிங்கில் மூன்று, நான்கு பெயர்கள் இருக்கும்.

டபிள்யூ.ஈ.பி. என்பது பழைய பூட்டு. அதன் ஓட்டை 2001-லேயே வெளியாகிவிட்டது. தொடவே தொடாதீர்கள். வெறும் டபிள்யூ.பி.ஏ.-யும் வேண்டாம்.

டபிள்யூ.பி.ஏ.-2 என்பது 2004-ல் வந்தது. பாஸ்வேர்டு பலமாக இருந்தால் வீட்டுக்குப் போதும். இல்லாவிட்டால், நம் போன் பெட்டியோடு பேசுவதை ஒருவன் பதிவு செய்துகொண்டு, தன் இடத்தில் உட்கார்ந்தபடி லட்சக்கணக்கில் ஊகித்துப் பார்க்கலாம்.

2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.-3-ல் அந்த ஜம்பம் பலிக்காது. ஒவ்வொரு ஊகத்துக்கும் நம் பெட்டியிடமே வந்து கேட்டாக வேண்டும். வீட்டில் பழைய போன் இருந்தால், 2-ம் 3-ம் சேர்ந்த முறையைப் போடுங்கள்.

கல்லூரிகளில் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுப்பார்கள். ஒருவர் விலகிப் போனால் அவர் பெயரை மட்டும் எடுத்துவிடலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதைக் கவனிக்கத் தனிக் கம்ப்யூட்டர் வேண்டும். நம் வீட்டுக்கு அனாவசியம்.

அதற்குப் பதில் ‘கெஸ்ட்’ இணைப்பு இருக்கிறது. நம் காவிரிக்கரை வீடுகளில் வழிப்போக்கருக்குத் திண்ணை, வீட்டாருக்கு உள்கட்டு என்று வைத்தார்களே, அதே யோசனைதான். விருந்தாளிக்கும், டியூஷன் பிள்ளைகளுக்கும் திண்ணை பாஸ்வேர்டு. பாங்கிக் கணக்கு பார்க்கிற நம் போனுக்கு உள்கட்டு. திண்ணைச் சாவியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

பாஸ்வேர்டு 8 எழுத்திலிருந்து 63 வரை வைக்கலாம். குழந்தை பெயர், பிறந்த நாள், குலதெய்வம் எதுவும் கூடாது. சம்பந்தமில்லாத நாலு வார்த்தைகளைக் கோத்து இங்கிலீஷ் எழுத்தில் அடியுங்கள்: முறம், ரயில், தாழம்பூ, ஒட்டகம் என்கிற மாதிரி. (அச்சில் வந்த இதையே வைத்துவிடாதீர்கள்!)

இன்னும் இரண்டு வேலை. டபிள்யூ.பி.எஸ். என்கிற 8 இலக்க எண் வசதியை நிறுத்திவிடுங்கள். அதை இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், 11,000 தடவைக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-ல் தெரிந்துபோயிற்று. பெட்டிக்குள் நுழைகிற அட்மின் பாஸ்வேர்டு வேறு; கம்பெனி வைத்துக் கொடுத்ததை அப்படியே விடாமல் மாற்றுங்கள்.

இதெல்லாம் புரியாது என்று ஒதுங்காதீர்கள். இணைப்பு கொடுத்த தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொள்ளுங்கள். பாஸ்வேர்டை மட்டும் நீங்களே அடியுங்கள். எழுதிய சீட்டு பீரோவுக்குள் போகட்டும். பெட்டியின் மேல் ஒட்ட வேண்டாம்.