வீட்டு நிதியும் கூட்டுப் பொறுப்பும்

வீடு கட்டக் கையிற் பணமில்லை என்பது ஏழையின் குறைகளில் ஒன்றே. அதனிலும் பெருங்குறை, அவனை நம்பிக் கடன் கொடுப்பார் இல்லை என்பதாகும். காணியுறுதி இல்லாதவனை எந்த வங்கி உள்ளே அழைத்து அமரச் செய்யும்?

தாய்லாந்து இதற்குக் கண்ட வழி நம் மாணவர்கள் அறியத்தக்கது. 1992 இல் அந்நாட்டு அரசு நகரத்து ஏழைகளின் குடியிருப்புகளுக்கென 125 கோடி பாத் பணத்தை ஒரு நிதியாக ஒதுக்கிற்று. அது கொடுத்து மறக்கும் தானமன்று. கடனாகச் சென்று, தவணையாகத் திரும்பி, மீண்டும் வேறொரு குடியிருப்பாருக்குச் செல்லும் சுழல்நிதி. அதனை ஆளும் சபையிலே அரச அலுவலரோடு குடியிருப்புத் தலைவர்களும் அமர்ந்தனர். 2003 இல் 'பான் மன்கொங்', அதாவது உறுதியான வீடு, என்னும் திட்டம் இதன்வழி எழுந்தது.

இதன் உயிர்நாடி ஒரு விதியிலே உள்ளது. கடன் தனியொருவருக்கு அன்று. குடியிருப்போர் அமைத்த கூட்டுறவுச் சங்கத்துக்கே. அச்சங்கமும் தான் கேட்கும் தொகையிற் பத்திலொரு பங்கை முன்னரே சேமித்திருத்தல் வேண்டும். (சீட்டுக் கட்டிப் பழகிய நம் இல்லத்தரசிகளுக்கு இதன் நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை!) ஒருவர் தவணை தவறினாற் சங்கமே ஈடு செய்யும். ஆதலாற் பல சங்கங்கள் உறுப்பினரிடம் வட்டியைச் சிறிது கூட்டி வாங்கி, அம்மிகுதியை நோயும் வேலையின்மையும் வரும் நாளுக்கென வைத்துள்ளன.

பாங்கொக் நகரின் பாங் புவா கால்வாய்க்கரை மக்கள், நீரை மாசுபடுத்துவோர் எனப் பழிக்கப்பட்டு, எந்நாளும் வெளியேற்றத்துக்கு அஞ்சி வாழ்ந்தவர்கள். அவர்கள் தாமே கால்வாயைத் துப்புரவு செய்தனர். சிறுகச் சிறுகச் சேமித்தனர். அரச காணியை 30 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்று, அங்கேயே புது வீடு கட்டினர்.

எனினும் ஓர் ஐயம் எழுகின்றது. கூட்டுப் பொறுப்பு என்றதும், தவணை கட்ட மாட்டாத அயலாரை விலக்கிவிடும் எண்ணமும் உடன் பிறக்குமன்றோ? நாட்கூலியும் இல்லாத மூதாட்டி எதைச் சேமிப்பாள்? சட்டத்தால் மட்டும் தீரும் சிக்கல் அன்று இது. சில குடியிருப்பார் கூடிப் பேசி, ஆதரவற்ற முதியோருக்கென ஒரு பொது வீட்டையும் வரைபடத்திற் சேர்த்து, எல்லார் செலவிலும் அதனைக் கட்டினர்.