சோறு, மாத்திரை, டி.வி. – இதுக்கு மேல என்ன வேணும்?

முதியோர் இல்லம் என்ற பேச்சை எடுத்தாலே நம்மிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. ‘நேரத்துக்குச் சோறு, நேரத்துக்கு மாத்திரை, படுக்கச் சுத்தமான இடம். ஹால்ல டி.வி. ஓடுது. இந்த வயசுல இதுக்கு மேல என்ன வேணும்?’ இல்லம் நடத்துகிறவர் இதைச் சொல்கிறார். அப்பா அம்மாவைக் கொண்டுவந்து சேர்க்கிற பிள்ளை சொல்கிறார். நன்கொடை தருகிறவரும் சொல்கிறார். மூன்று பேருக்கும் வசதியான கருத்து என்பதால் மறுத்துப் பேச ஆளில்லை. மறுக்க வேண்டியவர்களோ உள்ளே இருக்கிறார்கள்.

பொழுதுபோக்கு என்பது வசதியான இல்லங்களின் ஆடம்பரம் என்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, மாவட்டத்துக்கு ஒன்றாவது என்று தொடங்கி, குறைந்தது 150 வறிய முதியவர்கள் தங்கும்படி அரசு இல்லங்களை அமைக்கலாம் என்கிறது. அதே 19ஆம் பிரிவு, இல்லங்களுக்கான திட்டம் வகுக்கும்போது என்னென்ன சேவைகளைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் மருத்துவ கவனிப்பையும் பொழுதுபோக்கு வசதிகளையும் அடுத்தடுத்து வைக்கிறது. ஆதரவற்றவர்களுக்கான இல்லங்களைப் பற்றிப் பேசும்போதே இப்படி. நாம்தான் மருந்தை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டோம்.

‘வயசானவங்க அமைதியத்தான் விரும்புறாங்க’ என்பது அடுத்த வாதம். அமைதியை விரும்புகிறார்களா, வேறு வழியில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களா? இந்தக் கேள்விக்கு விடை தரும் ஆய்வு ஒன்றை எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் 1976இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் ஆர்டன் ஹவுஸ் என்ற இல்லம். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், ‘உங்கள் அறை எப்படி இருக்க வேண்டும், நேரத்தை எப்படிக் கழிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் முடிவு’ என்றார்கள். பிடித்த செடியை எடுத்து அவர்களே தண்ணீர் ஊற்றி வளர்க்கலாம். அடுத்த வாரம் இரண்டு நாள் படம் போடுகிறோம், எந்த நாள் வருகிறீர்கள் என்றும் கேட்டார்கள். இன்னொரு மாடிக்கும் செடி கிடைத்தது. தண்ணீர் ஊற்றியது நர்ஸ். படமும் உண்டு, நாளைக் குறித்தது நிர்வாகம். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்போடும் உற்சாகத்தோடும் இருந்தார்கள். இதே ஆய்வை வைத்து ‘ஆயுளே கூடியது’ என்று சொல்பவர்கள் உண்டு. அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆள்கள் குறைவு, அந்தக் கணக்குக்குப் பின்னால் திருத்தமும் வந்தது. ஆனால் செடியும் படமும் இரண்டு மாடிக்கும் கிடைத்தன, முடிவெடுக்கும் உரிமை ஒரு மாடிக்குத்தான் கிடைத்தது என்பதை மறக்க முடியாது.

நம் ஊர் நிலைமையைப் பாருங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைக் கடந்தவர்கள் விரும்பினால், தேர்தல் அலுவலர்களே இருப்பிடம் தேடி வந்து வாக்கு வாங்கிப் போனார்கள். நாட்டை யார் ஆள வேண்டும் என்று அந்தப் பாட்டியிடம் கேட்கலாம். நாளைக்கு உப்புமாவா பொங்கலா என்று மட்டும் கேட்கக் கூடாது!

டி.வி.யைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரிமோட் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். பெரும்பாலும் பணியாளர் கையில் இருக்கும், இல்லையென்றால் குரல் ஓங்கிய ஒருவர் கையில். காது மந்தமானவருக்கு வசனம் கேட்காது, கண்புரை உள்ளவருக்கு முகம் தெரியாது. வீட்டில் மருமகளோடு ஒத்துப்போகாமல் இங்கே வந்த அம்மாளுக்கு மாலை முழுவதும் மாமியார் மருமகள் சண்டைத் தொடர்!

‘அதான் வாரா வாரம் யாராவது வர்றாங்களே’ என்பதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இதில் நம் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது. குழந்தையின் பிறந்த நாள், திருமண நாள், தாத்தாவின் திதி என்றால் இல்லத்துக்கு போன் செய்து மதியச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுகிறோம். கேக்கோடு போகிறோம். முன்பின் தெரியாத குழந்தைக்காகப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்து கை தட்டுகிறார்கள். ஆசீர்வாதம் வாங்குகிறோம், போட்டோ எடுக்கிறோம், ஒரு மணிக்குக் கிளம்பிவிடுகிறோம். நல்ல மனசோடு செய்வதுதான், அந்தச் சாப்பாட்டால்தான் பல இல்லங்களில் அடுப்பு எரிகிறது என்பதும் உண்மை. ஆனால் அந்த நிகழ்ச்சியில் மகிழ்விக்கப்பட்டவர்கள் யார்? வந்தவர்கள்தான். உள்ளே இருப்பவர்கள் நம் விழாவுக்கு வந்த கூட்டம்.

ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற உளவியலாளர் அமெரிக்க இல்லம் ஒன்றில் 40 முதியவர்களை நான்கு குழுவாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு குழுவைக் கல்லூரி மாணவர்கள் எப்போது வந்து பார்ப்பது, எவ்வளவு நேரம் இருப்பது என்பதை முதியவர்களே முடிவு செய்தார்கள். இன்னொரு குழுவுக்கு வருகிற நாள் முன்கூட்டியே தெரியும். மூன்றாவது குழுவிடம் மாணவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து போனார்கள். நான்காவது குழுவிடம் யாரும் போகவில்லை. முதல் இரண்டு குழுக்கள் தெம்பாக இருந்தன. திடீரென்று ஆள் வந்துபோன குழுவோ, ஆளே வராத குழுவைவிடப் பெரிதாகத் தேறவில்லை. ஆய்வு முடிந்து வருகை நின்றபின் நடந்ததுதான் கசப்பு: தெம்பாக இருந்தவர்களே அதிகம் சரிந்தார்கள். ஆகவே என்றைக்கோ ஒருநாள் திடீரென்று போய் நிற்பதால் பெரிய பலனில்லை. பழக்கிவிட்டு நிறுத்துவது கெடுதல்.

மறதிநோய் வந்தவர்களை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம், அவர்களுக்கு எதுவும் புரியாது என்பார்கள். லண்டனில் உருவான அறிவுத்திறன் தூண்டல் சிகிச்சை இதற்கு நேர் மறுப்பு. வாரம் இரண்டு அமர்வு, ஏழு வாரம், மொத்தம் 14 அமர்வுகள். சிறு குழுவாக உட்கார்ந்து பாட்டு, விளையாட்டு, பழைய நாள் பேச்சு, சாப்பாட்டைப் பற்றிய அரட்டை. இலேசான, நடுத்தர நிலை மறதிநோய் உள்ளவர்களுக்கு நினைவாற்றலிலும் வாழ்க்கைத் தரத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. சென்னையின் ஸ்கார்ஃப் மனநல அமைப்பைச் சேர்ந்தவர்கள் இதை நம் பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றித் தமிழிலேயே நடத்திப் பார்த்திருக்கிறார்கள். ‘நம்ம ஊருக்குச் சரிப்படாது’ என்று தட்டிக்கழிக்க இனி இடமில்லை.

‘சாயந்திரம் பஜனை இருக்கே’ என்பவர்களுக்கு: நல்லது, நடக்கட்டும். ஆயுள் முழுக்கத் தொழிற்சங்கத்தில் கழித்தவரும், சீட்டாட்டத்தில் சூரரும், ஜெபமாலையோடு வந்த அம்மாளும் அந்த நேரத்தில் என்ன செய்வார்கள் என்றும் யோசியுங்கள்.

கடைசியில் எல்லாம் காசிலும் ஆளிலும் வந்து நிற்கிறது. தாயக்கட்டைக்கும் பல்லாங்குழிக்கும் என்ன செலவாகிவிடும்? நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் ஹுமானிடாஸ் என்ற இல்லம் பணமில்லாமல்தான் வேறு வழி தேடியது. காலி அறைகளைக் கல்லூரி மாணவர்களுக்கு வாடகையில்லாமல் கொடுத்தது. மாதம் 30 மணி நேரம் நல்ல அண்டை வீட்டுக்காரராக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நம் இல்லங்களிலோ உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்த வேலையைக்கூடப் பறித்துவிடுகிறோம். ஐம்பது வருஷம் குடும்பத்துக்குச் சமைத்த பெண்ணுக்குச் சமையலறைக்குள் போக அனுமதியில்லை. முருங்கைக்கீரை ஆய்வதும், சின்ன வெங்காயம் உரிப்பதும், பூக்கட்டுவதும் விரும்புகிறவருக்குப் பொழுதும் பேச்சுத் துணையும் ஆகும். கட்டாயப்படுத்தினால் அது வேலை வாங்குவது. அந்தக் கோடு தெளிவாக இருக்க வேண்டும். ‘கையில பட்டுட்டா யார் பொறுப்பு?’ என்ற பயம் நியாயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்காக நாள் முழுக்க நாற்காலியில் உட்கார வைத்தால் கால் பலம் போகும், அப்புறம் விழுவதும் கூடும்.

அடுத்த பிறந்த நாளுக்கு இல்லத்துக்கு போன் செய்யும்போது, எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அங்கே இருப்பவர்களுக்கு அன்றைக்கு என்ன சாப்பிட ஆசை, நாம் எப்போது வந்தால் அவர்களுக்குச் சௌகரியம் என்று கேளுங்கள். கேக்கை வீட்டிலேயே வெட்டிக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒரு நாளைச் சொல்லி, அந்த நாளில் தவறாமல் போய் ஒரு ஆட்டம் தாயம் உருட்டிவிட்டு வாருங்கள். தொடர்ந்து போக முடியாது என்றால், அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.