சாயுற வண்டிக்கு ஒரு பிளேட் கூடப் போட்டா போதுமா?

மதுரை ரிங் ரோட்டுல பத்து நிமிஷம் நின்னு பாருங்க. மாட்டுத்தாவணிக்குக் காய்கறி ஏத்திட்டு வர்றது, செங்கல் லோடு, தண்ணி டேங்க்னு வரிசையா சின்ன யானை போகும். அதுல பழைய வண்டி கொஞ்சம் ஒரு பக்கமா சாஞ்சுதான் போகும். காலி வண்டியா இருந்தாலும் சாய்வு போகாது. கால் வலிக்கிற ஆளு நடக்குற மாதிரியே இருக்கும்.

இதுக்கு நம்ம ஊர்ல பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான். "சாயுற பக்கம் ஒரு பிளேட் கூடப் போட்டு ஏத்திருண்ணே!" அந்த வைத்தியம் தப்புங்கறதுதான் என் கட்சி. நான் மெக்கானிக் இல்ல. வண்டி, பட்டறைன்னா வேடிக்கை பார்க்க நிக்கிற சாதி. ஆனா இந்த விஷயத்துல வேடிக்கை பார்த்தே கொஞ்சம் கத்துக்கிட்டேன்.

எங்க தெருவுக்குத் தண்ணி கொண்டு வர்ற அண்ணனோட டாடா ஏஸ் இடது பக்கமா சாய ஆரம்பிச்சுது. மூணு பேர் மூணு யோசனை சொன்னாங்க. ஒருத்தர், ஷாக் அப்சார்பரை மாத்துன்னார். மக்களே, ஷாக் அப்சார்பரோட வேலை குலுக்கத்தை அடக்குறது. வண்டியைத் தாங்கிப் பிடிக்கிறது ஸ்பிரிங்தான். இன்னொருத்தர் டயர்ல காத்து கம்மின்னார். மூணாவது ஆள் நம்ம பிளேட் வைத்தியர் :-)

நல்லவேளை, அவர் போன பட்டறைல இருந்த பெரியவர் முதல்ல ஸ்பேனரை எடுக்கலை, டேப்பை எடுத்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவருக்கு மாலை போடலாம். அவர் செஞ்ச வரிசை இதுதான்:

முதல்ல டேங்க்கைக் காலி பண்ணி, வண்டியை சமதளத் தரையில நிறுத்தச் சொன்னார். ரோடு நடுவுல மேடா, ஓரத்துல சரிவா இருக்கும். ரோட்டோரமா நிக்கிற வண்டி இடது பக்கம் சாஞ்ச மாதிரி தெரியறது சகஜம். அடுத்து நாலு டயர்லயும் காத்து பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு சக்கரத்துலயும் அச்சுலேர்ந்து சேஸிஸ் வரைக்கும் உயரம் அளந்தார். பாடி வரைக்கும் அளந்தா ஏமாந்துருவோம், ஏன்னா பாடி கட்டினதே கோணலா இருக்கலாம்.

அடுத்ததுதான் சூட்சுமம். பின் சக்கரத்துக்குக் கட்டை வச்சுட்டு, முன் அச்சுக்கு நட்டநடுவுல ஜாக்கி கொடுத்து ரெண்டு சக்கரமும் லேசா தரையை விடுற அளவு தூக்கினார். இப்ப முன்பக்கம் ஒரே புள்ளியில நிக்குது, வண்டியை அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு தள்ள அதால முடியாது. அப்பவும் சாய்வு அப்படியே இருந்தா கோளாறு பின்னாடி. நிமிர்ந்துட்டா கோளாறு முன்னாடி. இது தெரியாம பின்னாடி பிளேட் ஏத்தினவங்க எத்தனை பேரோ! (நீங்க செஞ்சு பார்த்தா ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போயிராதீங்க.)

நம்ம அண்ணன் வண்டியில சாய்வு அப்படியே நின்னுச்சு. இடது பின் ஸ்பிரிங்கில சேறைச் சுரண்டிப் பார்த்தா, ரெண்டாவது பிளேட் நடு போல்ட் ஓட்டைகிட்ட உடைஞ்சிருக்கு. காரணம், யு போல்ட் லூஸ். யு போல்ட் இறுக்கமா இருக்குற வரைக்கும் பிளேட்டோட நடுப்பகுதி அசையாது. தளர்ந்துட்டா, ஒவ்வொரு குழிக்கும் ஓட்டை இருக்குற அந்தப் பலவீனமான இடம் வளைஞ்சு வளைஞ்சு ஒருநாள் படக்.

இதுல மேல ஒரு பிளேட்டை ஏத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்? உடைஞ்சது உள்ளயே கிடக்கும், வண்டி நிமிர்ந்து நிக்கும், அவரும் நம்பி லோடு ஏத்துவார். மிச்சமும் உடைஞ்சா அச்சு இடம் மாறும், பிரேக் அடிச்சா வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஸ்கூல் விடுற நேரத்துல அப்படி ஒரு வண்டி நம்ம தெருவுக்குள்ள வர்றதை நினைச்சுப் பாருங்க.

பிளேட்டைச் சிவக்கக் காய்ச்சி அடிச்சு வளைக்கிற வைத்தியமும் உண்டு. மறுபடி முறையா எண்ணெய்ல தோய்ச்சு, அளவா சூடு காட்டிப் பதம் ஏத்தலைன்னா கொஞ்ச நாள்ல பழையபடி படுத்துரும். பெரியவர் ரெண்டு பக்கமும் புது செட் போட்டார். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா இந்தத் தடவை வலது பக்கம் சாயும், அவ்வளவுதான். யு போல்ட்டும் புதுசு. கொஞ்ச நாள் ஓட்டிட்டு வந்து மறுபடி இறுக்கிட்டுப் போகணும்னு கண்டிஷன் வேற.

சரி, ஏன் இடது பக்கம் மட்டும்? வலது ஓரத்துல மோட்டாருக்கும் ஹோஸுக்கும் இடம் விட்டு, டேங்க்கை இடது பக்கம் தள்ளி வச்சிருக்கு. டேங்க் 1000 லிட்டர். தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோ, ஆக மொத்தம் ஒரு டன். 2005ல டாடா ஏஸ் வந்தப்பவே அதை முக்கால் டன் வண்டின்னுதான் வித்தாங்க. பிளேட் எத்தனை ஏத்தினாலும் அச்சு, டயர், பிரேக் எல்லாம் அதே முக்கால் டன்னுக்குத்தான். பின்பக்கம் எவ்வளவு அமுங்குதுன்னு பார்த்து பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற வால்வு உள்ள வண்டிகள்ல இன்னும் மோசம். ஸ்பிரிங்கை ஏத்திட்டா, லோடு இல்லைன்னு நினைச்சு பின் பிரேக்கைக் குறைச்சுரும்.

டேங்க்கை நடுவுக்கு மாத்தியாச்சு. 700 லிட்டருக்கு மேல நிரப்பாதேன்னு பெரியவர் சொல்லிட்டார். அண்ணன் கேட்ட கேள்வி இது: "டேங்க் நிறைய இருக்கான்னு எட்டிப் பார்த்துட்டுத்தானேய்யா காசு கொடுக்குறாக?"

அவர் கேள்விக்குப் பதில் பட்டறைல இல்ல, நம்மகிட்டதான் இருக்கு. 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 தனி. வண்டியை ஓட்டினவர் மட்டுமில்ல, ஓட்ட வச்சவரும் அதுல பொறுப்புன்னு சட்டம் சொல்லுது. நடைமுறையில மாட்டுறது டிரைவர்தான். எட்டிப் பார்க்குற நாம மாட்டுறதே இல்ல.

அதனால என் கருத்து இதுதான். வண்டி சாஞ்சா முதல்ல அளங்க, அப்புறம் கழட்டுங்க. நாம தண்ணிக்குக் காசு கொடுக்கும்போது டேங்க் கணக்கை விட்டுட்டு லிட்டர் கணக்குல கொடுப்போம். 700க்கு 700க்கான காசு. அவருக்கு ஒரு நடை கூட ஆகும், டீசல் கூட ஆகும், அதனால நமக்கும் விலை கொஞ்சம் ஏறத்தான் செய்யும். அந்தக் கூடுதல் காசை நாம கொடுக்காததுனாலதான், இத்தனை நாளா அது அந்த ஸ்பிரிங் தலையில இருந்துச்சு.

உங்க ஊர்ல தண்ணி வண்டிக்கு எப்படிக் காசு கொடுக்குறீங்கன்னு சொல்லுங்க மக்களே.